மாமனார் டிவியில் வந்த நாள்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் உள்ள ஒரே வேலை சாப்பிடுவது. அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் இன்றும் மரியாதையாக இருக்கிறார்கள். நான் ஏணி கேட்டேன்.

மூலனூரில் முருங்கை போட்டிருந்த என் மாமனாரை அரசாங்கச் சேனல்காரர்கள் பேட்டி எடுத்துப் போயிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு ஒளிபரப்பு. ஒரே தடவைதான். பங்காளிகள், பக்கத்துத் தோட்டத்தார் என்று கூடத்தில் முப்பது பேர். நடுவில் சலவை வேட்டியில் மாமனார், இரண்டாவது தடவை தாலி கட்டப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சிக்கல் ஒன்றுதான். அந்த நிகழ்ச்சி மொட்டைமாடி ஆன்டெனாவில்தான் வரும். சுவருக்குள் போகிற ஒரே வயரையோ டிஷ் பிடித்துக்கொண்டிருந்தது.

“டிஷ்ஷைக் கழட்டிட்டு ஆன்டெனாவைச் சொருகினாப் போச்சுங்க மாப்ள. ஒரு நாளைக்குத்தானுங்களே,” என்றார் மாமனார்.

“எதுக்குங்க மாமா? ஒரே வயர்ல ரெண்டையும் கொண்டாந்துர்றேன். அத்தைக்கு சீரியலும் போகாது.”

(படித்தது பி.காம். பார்ப்பது பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வாய் மட்டும் எலக்ட்ரானிக்ஸ்.)

இதற்காகவே திருப்பூரில் தீப்பெட்டி அளவு டப்பா வாங்கி வந்திருந்தேன். இரண்டு சிக்னலையும் ஒரே வயரில் சேர்த்துவிடும். கடைக்காரர் இரண்டு டப்பா கொடுத்து, “இதுல பாத்தீங்கன்னா, ஜோடியா...” என்று ஆரம்பித்தார். “தெரியுமுங்க,” என்று கையமர்த்தினேன். ரிஜெக்ட் ஆனால் ஈடுகட்ட எந்த ஆர்டருக்கும் நாலு பீஸ் கூடுதலாக வெட்டுவது எங்கள் தொழில் தர்மம். இரண்டாவது டப்பா எக்ஸ்ட்ரா பீஸ் என்று முடிவுசெய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாடியில் ஆன்டெனாக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, ஒரு டப்பாவை மாட்டிவிட்டு இறங்கினேன். டிஷ்ஷில் சீரியல் பளிச்சென்று தெரிந்தது. “நம்ம மாப்ளகிட்ட இஞ்சினீரே தோத்தாருங்க!” என்றார் ஒரு பங்காளி. நான் அடக்கமாகச் சிரித்தேன். (அடக்கமாகச் சிரித்தது அதுவே கடைசி.)

ஆறு இருபத்தைந்துக்கு டிவியை ஆன்டெனாவுக்கு மாற்றினேன். திரை முழுக்கப் புள்ளி, காதைக் கிழிக்கும் இரைச்சல்.

மறுபடி மாடி. ஆன்டெனாவைத் தாராபுரம் பக்கம் திருப்பினேன். “தெரியுதுங்களா?”

“லேசா தெரியற மாதிரி இருக்குதுங்க!”

கரூர் பக்கம் திருப்பினேன். “இப்பொங்க?”

“இன்னுங் கொஞ்சம் நல்லாருக்குதுங்க!”

ஒன்றும் தெரியவில்லை என்று புது மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? முப்பது பேரும் வெறும் புள்ளியைப் பார்த்து என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த உற்சாகத்தில் நான் எட்டுத் திசையும் திருப்பிவிட்டேன்.

திடீரென்று பக்கத்து வீட்டிலிருந்து சத்தம். “அண்ணன் இங்க பேசிட்டிருக்காருங்க, ஓடியாங்க!”

கூடமே எழுந்து ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடியவர் மாமனார். அவர் போய்ச் சேர்ந்தபோது திரையில் ஆட்டுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாடிப்படியில் என் மனைவி மறித்தாள். “பையில என்னங்க?”

“எக்ஸ்ட்ரா பீஸ்.”

டப்பாவை எடுத்து, அது ஒட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். படமே போட்டிருந்தது. மாடியில் ஒரு டப்பா, சேர்க்க. டிவிக்குப் பின்னால் இன்னொன்று, பிரிக்க.

“சேத்து வுட்டா ஆச்சுங்களா? பிரிக்கறது ஆரு?”

ஆக, மாமனார் அவ்வளவு நேரமும் சுவருக்குள்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், வெளியே வர வழியில்லாமல்.

நான் தலைகுனிந்து நின்றேன். திரும்பி வந்த மாமனார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். “அதனால என்னுங்க மாப்ள. பேசுனவன் நாந்தானே? எனக்குத் தெரியாதுங்களா?” என்றவர், கூடத்தின் நடுவில் நின்று முதல் வார்த்தையிலிருந்து பேச ஆரம்பித்தார்.

இருபது வருஷமாகியும் இன்றுவரை நிறுத்தவில்லை. சீர் விசேஷமோ காதுகுத்தோ, பந்தி முடிந்ததும் மறுஒளிபரப்பு. பேட்டி எடுப்பவன் நான். ஒரு முருங்கைக்காயை அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு நாலு நிமிடமாக இருந்த பேட்டி இப்போது அரைமணியைத் தாண்டிவிட்டது. போன பொங்கலுக்கு அதில் கலெக்டரும் வந்து சேர்ந்தார்.

போரடித்து நான் மெல்ல நழுவப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் தாத்தாவைக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அப்பா, மாடிக்கு மட்டும் போயிராதீங்க. அப்புச்சி இப்பத்தான் தெளிவாத் தெரியறாரு.”