புள்ளியழகி டீச்சர் நடத்திய பெருவேட்டைப் பாடம்

ஒரு காட்டில், மழைக்கு மட்டும் லீவு விடுகிற உயர்நிலைப்பள்ளி ஒன்று இருந்தது. அங்கே எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தவர் புள்ளியழகி டீச்சர் என்கிற மான். வகுப்பில் உட்கார்ந்திருந்தவை அத்தனையும் சிறுத்தைக் குட்டிகள்.

டீச்சருக்குத் தன் பாடத்தின் மேல் கொள்ளை ஆசை. பழைய போர்களைச் சொல்லும்போது குளம்பால் தரையைத் தட்டிக் குதிரைப் படையையே வரவழைத்துவிடுவார். குட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அந்தப் பல்வரிசைகளைப் பார்த்து, நம் பாடம் பிள்ளைகளுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று டீச்சர் பூரித்துப்போவார்.

ஒருநாள் கல்வி அதிகாரி ஊளைமுத்து என்கிற நரி, வகுப்பைப் பார்வையிட வந்தார்.

"மனப்பாடம் பண்ண வெச்சதெல்லாம் போதும் டீச்சர். இனிமே வரலாற்றை நடிச்சுக் காட்டணும். அதுக்குத்தான் மார்க்கு. இன்னைக்கு என்ன பாடம்?"

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். முகம் வெளிறியது. "குளக்கரைப் பெருவேட்டை, ஐயா. சிறுத்தைங்க மானைப் பிடிச்ச கதை."

"அருமை! ஆரம்பிங்க."

"மான் வேஷம் போட ஆள் இல்லீங்களே..."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இஷ்டம் இல்லைன்னா சொல்லிடுங்க. ஆத்தங்கரை முதலைப் பள்ளியில ஒரு இடம் காலியா இருக்கு. மாத்திவிட்டுடலாம்."

டீச்சர் கரும்பலகையோடு முதுகை ஒட்டி நின்றார். முன்வரிசை உறுமன் எழுந்தான். வருஷம் முழுக்க ஒரு கேள்விக்கும் கை தூக்காத பையன்.

"சிறுத்தை வேஷம் நான் பண்றேன் டீச்சர். எனக்கு இந்தப் பாடம் நல்லா வரும்" என்று சொல்லிப் பதுங்கினான். மற்ற குட்டிகள் வாசலை மறித்துக்கொண்டன.

அவன் பாயவும், என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் டீச்சர் கத்தினார்: "காரணம் எழுதாம பாயக் கூடாது! நோட்டை எடுங்க!"

உறுமன் அப்படியே தரையில் விழுந்தான். "எத்தனை மார்க்கு டீச்சர்?"

"பத்து! எழுதிக்கோ. வேட்டைக்கான பொருளாதாரக் காரணங்கள். உட்பிரிவு அ. குளக்கரையின் நில அமைப்பு..."

வாசலை மறித்த குட்டிகளும் நோட்டோடு இடத்துக்குத் திரும்பின. எதிரே பல் தெரியத் தெரிய, டீச்சர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். குளக்கரையின் நிர்வாகத்துக்கு வந்தபோது உறுமன் கொட்டாவி விட்டான். வரி விதிப்பில் கடைசி வரிசை சாய்ந்தது. விளைவுகளைத் தொடுவதற்குள் அதிகாரி வாலால் முகத்தை மூடிக் குறட்டை விட்டார். வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் பேச்சை நிறுத்தினால் எல்லாம் விழித்துக்கொள்ளுமே என்ற பயத்தில், மணியடிக்கும்வரை டீச்சர் நோட்ஸ் கொடுத்தார்.

அதிகாரி எச்சிலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இவ்வளவு அமைதியான வகுப்பை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை!" என்று நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரை செய்துவிட்டுப் போனார்.

"கடைசியில மானைப் பிடிச்சாங்களா டீச்சர்?" என்று உறுமன் கண்ணைக் கசக்கினான்.

"அது பரீட்சைக்கு வராது. உட்காரு."

அந்த வகுப்புக் குட்டிகள் வளர்ந்து பெரிய சிறுத்தைகளான பிறகும், மானைக் கண்டால் போதும், இருந்த இடத்திலேயே தூங்கிவிடுமாம்.

நீதி: வரலாற்றைச் சுவையாக நடத்தும் ஆசிரியர் வரலாறாகிவிடுவார், நோட்ஸ் கொடுப்பவரே பென்ஷன் வாங்குவார்.