பச்சை மேஸ்திரியின் கலர் பலகை

ஜவ்வாது மலையில் கலரைக் கலராகப் பார்த்த மனுஷன் ஒரே ஒருத்தர்தான். மற்றவர்களெல்லாம் சும்மா கண்ணைத் திறந்து வைத்திருந்தோம். இது என் கருத்து இல்லை. அவரே சொல்வார், எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார்.

ஊருக்கு அவர் பச்சை மேஸ்திரி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்குத் தெரியும். படவேட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என்னிடம் வருவதற்கு முன்னால் அடிவாரத்தில் ஒரு மாதா கோயிலில் புனிதர் சுரூபங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அந்தோணியார் அங்கிக்குப் பழுப்பு சரியாக அமையவில்லை என்று அடித்ததைச் சுரண்டுவார், மறுபடி அடிப்பார், மறுபடி சுரண்டுவார். திருநாள் வந்து தேர் புறப்படுகிற நேரத்திலும் அந்தோணியார் பாதி அங்கியோடு நின்றார். பங்குச் சாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, மேஸ்திரியை மலைக்கு அனுப்பிவிட்டார்.

நான் அப்போது ஜமுனாமரத்தூரில் பட்டறை போட்டிருந்தேன். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு வேலூர் பஜாரில் என் கட்டடத்தைக் காட்டித்தான் மற்ற கடைகளுக்கு வழி சொல்கிறார்கள். அதற்கெல்லாம் அஸ்திவாரம் அந்தப் பட்டறை. குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டி விளையாடுகிற மரக் கல் செய்தோம். தீப்பெட்டி அளவு இருக்கும். நான் அறுப்பேன், ஊர்ப் பெண்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், மேஸ்திரி வர்ணம் அடிப்பார். சரக்கு பூராவும் மெட்ராஸில் ஒரு பொம்மைக் கடைக்குப் போகும். எனக்கு அந்த ஒரு கடைதான் கிராக்கி. அது கைவிட்டால் அடுப்பெரிக்க மரக் கல் நிறைய இருக்கும், உலையில் போட அரிசி இருக்காது.

பச்சை என்கிற பட்டம் வந்தது இப்படி. நான் பெயிண்ட் வாங்கக் கண்ணமங்கலம் போயிருந்த அன்று, போஸ்டாபீசுக்குக் கடையிலிருந்து டிரங்க் கால். மேஸ்திரி போய்ப் பேசினார். "பச்சைக் கல் தீர்ந்துபோச்சு, உடனே அனுப்புங்க" என்றார்களாம். சாயங்கால பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார். அத்தனையும் வர்ணமே காணாத வெறும் மரக் கல்.

"இன்னா மேஸ்திரி, பச்சை கேட்டா வெறுங்கட்டைய அனுப்பிக்கீறீங்க?"

"சூளையில வேகாத செங்கல்லுக்கு இன்னா பேரு தம்பி?"

"பச்சைக் கல்லு."

"நம்ம கல்லுக்குப் பெயிண்டுதான் சூளை. பெயிண்டு படாதது பச்சை. கலரு வேணும்னா கலருன்னு வாயத் தொறந்து சொல்லணும். இன்னா பச்சைன்னும் சொல்லணும். உலகத்துல பச்சை இன்னா ஒண்ணா ரெண்டா?"

கடைக்காரர் கடுதாசி போட்டார். இன்னொரு தரம் கலர் மாறினால் அதோடு தொடர்பு முடிந்தது. இனிமேல் கலருக்கு ஒரு மாதிரிக் கல் வேண்டும், அது இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும்.

அதனால் இரண்டு பலகை செய்வது என்று முடிவானது. ஒவ்வொரு கலரிலும் ஒரு கல்லைப் பலகையில் ஆணியடித்து, கீழே பெயர் எழுத வேண்டும். ஒரு பலகை மெட்ராசுக்கு, ஒன்று நமக்கு. ஒரு வார வேலை என்று நினைத்தேன். மாசியில் புளி உலுக்கும்போது உட்கார்ந்தவர், ஆடியில் சாமை முளைவிடும்போதுதான் எழுந்தார்.

பெயரிலேயே தகராறு தொடங்கியது.

"இளம்பச்சை, கரும்பச்சைன்னு எழுதிட்டுப் போங்க மேஸ்திரி."

"இளம்னா எவ்ளோ எளசு? நடக்குதா, இன்னும் தாய்ப்பால்தானா?"

ஆகவே பலகையில் பச்சைகள் இப்படி நின்றன: புளியங்கொழுந்து, சாமை நாத்து, மழைக்கு மறுநாள் மலை. இந்தக் கடைசிப் பச்சைக்காக மழை வருகிற வரைக்கும் பட்டறையே காத்துக் கிடந்தது.

சிவப்புக்கு அவர் பிடித்தது மலைக்கு ஏறி வருகிற பஸ்ஸை. அதுவும் ஸ்டாண்டில் நிற்கும்போது இல்லை, அங்கே நிழல் சரியில்லையாம். கொண்டை ஊசி வளைவில், வாளித் தண்ணீரோடு நடு ரோட்டில் நின்றுகொண்டார். பஸ் கிறீச்சிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கினார்.

"இன்னா பெருசு, வண்டிக்குப் பூஜை போடப் போறியா?"

"நவுரு. மேல இருக்கறது கீழ்நாட்டு மண்ணு. கலரு அதுக்கு அடியில கீது."

ஒரு முழ அகலத்துக்குத் தேய்த்துக் கழுவினார். கையிலிருந்த கல்லை அதில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு சொட்டு கருப்பு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, போகலாம் என்று கை காட்டினார். உள்ளே ஒரு கல்யாணக் கூட்டம் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தது. அந்த பஸ் ரொம்ப நாள் விலாவில் ஒரு முழம் மட்டும் குளித்த மாதிரி மலையேறி இறங்கியது.

பலகை முடிந்ததும் நம்முடையதைக் கறுப்புக் கம்பளியில் சுற்றி வைத்தார். சந்தை நாளில் மட்டும் திரை விலகும். ஒருமுறை ஒரு அம்மா வந்தாள்.

"மேஸ்திரி, எங்க பையனுக்குப் பொண்ணு பாத்துக்கீறோம். நல்ல செவப்புன்னு தரகர் சத்தியம் பண்றாரு. உங்க பலகையோட வந்து ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்களேன்."

மேஸ்திரி கம்பளியை விலக்கி பஸ் சிவப்பைத் தொட்டுக் காட்டினார். "இதாம்மா செவப்பு. இந்தக் கலர்ல பொண்ணு இருந்தா பொண்ணு பாக்கப் போவாதீங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க."

தரகர் அதற்கப்புறம் எங்கள் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு வருஷம் நன்றாகப் போனது. பிறகு ஒருநாள் கடை மேனேஜரே மலையேறி வந்தார், கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய பலகையோடு.

"உங்க கல்லு ஒண்ணுகூட பலகையோட ஒத்துப்போகலீங்க. நீங்களே பாருங்க."

பிரித்து வைத்தார். மேஸ்திரி நம்முடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று டைபாய்டில் கிடந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. சிவப்பு ரத்தம் சுண்டிப்போயிருந்தது. நீலம், பத்து வருஷம் துவைத்த லுங்கி.

"இத எங்கங்க வெச்சிருந்தீங்க?" மேஸ்திரி குரல் இறங்கிவிட்டது.

"வாசல் ஷோகேஸ்லதான். வர்றவங்க அதப் பார்த்துதான் கலர் சொல்றாங்க."

"வெயிலு படுங்களா?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நல்லா படும்" என்றார் மேனேஜர், ஏதோ வசதியைச் சொல்வதுபோல.

"வெளுத்துப்போச்சுங்க. நெசக் கலரு இதுதான்."

"புரியுதுங்க. ஆனா எங்க கஸ்டமருக்குப் பழகினது இந்தக் கலர். இதுல இருக்கற மாதிரி குடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்க வேற எடம் பார்த்துக்கறோம்."

வெளியே உப்புத்தாள் சத்தம் நின்றது. பெண்கள் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டறை அந்த ஒரு பதிலில் தொங்கியது. பதில் சொல்ல வேண்டியவர் நானல்ல. முதலாளி நான்தான், ஆனால் கலரில் ஆண்டவனே வந்து உத்தரவு போட்டாலும் அவர் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"மேஸ்திரி..." என்று இழுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். வாசலுக்கு வெளியே இருந்த பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் கேட்டார்:

"ஷோகேஸ்லயேதான் வைப்பீங்களா, இனிமேலும்?"

"ஆமாங்க."

"அப்போ இன்னும் வெளுக்கும். பரவால்ல. அது வெளுக்க வெளுக்க நானும் கூடவே வர்றேன்."

அப்படியே வந்தார். வெள்ளை கொஞ்சம், சாம்பல் கொஞ்சம் கலந்து வெயிலைப் பெயிண்ட் டப்பாவில் பிடித்தார். அவ்வப்போது பஸ் ஏறி மெட்ராஸ் போவார். கடை வாசலில், கையில் கல்லோடு, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். "நீலம் இன்னும் ஒரு படி எறங்கிடுச்சு தம்பி" என்பார். படுக்கையில் கிடக்கிற பங்காளியைப் பார்த்துவிட்டு வந்த குரல் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களைவிடப் பெரிய பட்டறைகள் அந்தக் கடைக்குப் படையெடுத்தன. பளபளவென்று மிஷின் பெயிண்ட் அடித்துக் கொண்டுபோனார்கள். கடைக்காரர்கள் பலகையோடு வைத்துப் பார்த்து, கலர் தப்பு என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாவப்பட்ட நீலத்தைக் கலக்க நாட்டில் வேறு ஆள் கிடையாது. கடை எங்களை விட்டு அசையவே இல்லை. தொழில் ரகசியம் என்ன என்று என்னைக் கேட்பவர்களிடம் உழைப்பு என்று சொல்கிறேன். யாருடைய உழைப்பு என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

தினம் காலையில் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அவர் சிலுவை போட்டுக்கொண்டு முணுமுணுப்பார். ஒருநாள் கேட்டேன்.

"ஜெபமா மேஸ்திரி?"

"மன்னிப்பு. தெரிஞ்சே பொய்க் கலரு அடிக்கிறேன்ல."

"ஆண்டவர்கிட்டயா?"

"அவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நீலத்துகிட்ட."

பிரஷ்ஷை நனைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீ போய் மரத்தைப் பாரு தம்பி. இத நான் பாத்துக்கறேன்."

எனக்காகப் பொய் சொன்னவர்கள் இந்த வாழ்க்கையில் நிறைய பேர். சொல்லிவிட்டு மனசு வலித்தவர் அவர் ஒருத்தர்தான்.