இரண்டு எஞ்சின்களும் இன்னும் பழகி முடியவில்லை

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை

அன்பின் மச்சான் பிரதீஸுக்கு,

இங்கு நானும் உன் அக்கா சுபோதினியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கு கனடாக் குளிரில் நீயும் உஷாந்தியும் பிள்ளைகளும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டுகிறோம். வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். ஆகவே பேனா எடுத்து முறைப்படி எழுதுகிறேன். அக்கா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படிக்கமாட்டாள். என் கையெழுத்து விளங்காது என்று அவள் அதைப் படிப்பதை விட்டு இருபது வருடம் ஆகிறது.

விஷயம் உன் ஜெட் படகு. கொழும்பில் வந்து குடியேறப்போகிறேன் என்று அதை வாங்கி, ஒரு விடுமுறை முழுக்க விரட்டு விரட்டென்று விரட்டி, இரண்டு எஞ்சினையும் சுற்றாமல் இறுகவைத்து, எங்கள் தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் பறந்துவிட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. தன் காரை வீதியில் நிறுத்தவேண்டி வந்த அக்காதான் தினமும் சொன்னாள். எஞ்சின்களைத் திருத்தியாயிற்று என்று நான் வாய் தவறிச் சொன்னதும், கிருலப்பனையில் தேனுஜன் என்றொருவர் வாங்கத் தயார், சனிக்கிழமை வருவார், படகின் திறப்பைக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்க முடியாது. காரணத்தைப் பொறுமையாகக் கேள்.

எஞ்சின்களைத் திருத்தியவர் கொட்டாஞ்சேனை செபஸ்தியன். மீன்பிடிப் படகு எஞ்சின்களோடு வளர்ந்தவர், அதை எவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்பவர். புதுப் பிஸ்டனும் வளையமும் போட்டுவிட்டு என்னை இருத்திவைத்துச் சொன்னார்: "ஐயா, புது வளையமும் சிலிண்டரும் இன்னும் முகம் பாத்துக் கதைக்கேல்ல. பழக விடோணும். பெற்றோலுக்குள்ள ஒயில் கூடக் கலந்து ஓட்டுங்க. லீவர் பாதிக்கு மேல போகப்படாது. ஒரே வேகத்திலயும் நிக்கப்படாது, கூட்டிக் குறைச்சுக் கொண்டுபோகோணும். முழுசாத் திறந்தா திரும்ப இறுகும். பிறகு என்னட்ட வராதீங்க." முப்பது வருடம் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதிக் கந்தோரில் இருந்தவன் நான். விதிமுறை என்றால் எனக்கு உயிர்.

முதல் ஓட்டம் எங்கள் தொடர்மாடி வாசல் ஒழுங்கையில், ட்ரெய்லரின் மேலேயே, ஹோஸில் தண்ணீர் கொடுத்து. முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாறிச் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும். அக்காவைக் குழாயடியில் நிறுத்திவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். மச்சான், ஒயில் கூடக் கலந்த எஞ்சின்கள் இரண்டும் ஒன்றாகப் புகைவிட்டால் எப்படியிருக்கும் என்று நீ பார்த்திருக்கமாட்டாய். ஒழுங்கையின் கடற்கரைப் பக்கம் மறைந்தது, பிறகு கோல்ரோட் பக்கம் மறைந்தது, பிறகு அக்கா மறைந்தாள். மாடி மாடியாக யன்னல்கள் படார் படாரென்று சாத்தப்பட்டன. தொலைந்தோம், அடிக்க வரப்போகிறார்கள் என்று நான் நினைக்க, எதிர்மாடியில் யாரோ கை தட்டினார்கள். பக்கத்து வீட்டு நளீபா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தா. "அங்கிள், எங்கட ஊட்டுப் பின்பக்கமும் கொஞ்சம் அடிக்கேலாதா? அங்கதான் நுளம்பு கூட." ஊர் முழுக்க டெங்கு. மாநகரசபை புகை அடிக்கிறது, அதை நான் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று ஒழுங்கையே நினைத்துவிட்டது. இல்லை, இது படகு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இத்தனை வருடத்தில் இந்த ஒழுங்கை எனக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான். ட்ரெய்லரைக் கொஞ்சம் அவவின் வீட்டுப் பக்கம் திருப்பிவைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். யாரோ மாநகரசபைக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒருவரையும் அனுப்பவில்லையே என்று சுகாதாரப் பரிசோதகர் நேரில் வந்துவிட்டார். ஒவ்வொரு வீடாகப் பூச்சாடி, வாளி, கூரைப் பீலி எல்லாம் பார்த்தார். எங்கும் சுத்தம். கடைசியில் உன் படகின் பின் இருக்கையைத் தூக்கினார். உள்ளே மழைத்தண்ணீர். தண்ணீர் நிறைய நுளம்புக் குடம்பிகள் சந்தோஷமாக நெளிந்துகொண்டிருந்தன. நளீபா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அன்று பின்னேரமே படகைப் பொல்கொட ஏரிக்கு, செபஸ்தியனுக்குத் தெரிந்த ஒருவரின் துறைக்குக் கொண்டுபோய்விட்டோம்.

அங்கே நான்தான் ஓட்டினேன். பாதி லீவர், ஒரே சீர், நேர்கோடு. முன்னால் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது. மனிதன் என்ன செய்வான், லீவரிலிருந்து கையை எடுப்பான். எடுத்தேன். இந்தப் படகு பின்னால் தண்ணீரைப் பீச்சியடித்துத்தான் திரும்பும், கையை எடுத்தால் திரும்பாது என்பதை நீயாவது சொல்லியிருக்கலாம். நேரே உள்ளே போய்ச் செருகியது. கரையில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மாப்பிள்ளை பொம்பிளையை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார்கள். செபஸ்தியன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பம்புக்குள் சிக்கிய கொடியை இழுத்து இழுத்து எடுத்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் கடிதத்தில் போட முடியாது.

அப்போது பின் இருக்கையிலிருந்து அக்கா எழுந்தாள். "தள்ளுங்கோ. இது கோல்ரோட்டில ஓடுற மாதிரித்தான் ஓட வேணும்." கொஞ்சம் கொடுத்தாள், குறைத்தாள், இடைவெளி கண்டாள், திரும்பக் கொடுத்தாள். கூட்டிக் குறைத்துப் போக வேண்டும் என்று எஞ்சின்கள் கேட்டதும் அதைத்தானே. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் காலம் முழுக்க வளைந்து நெளிந்த கை அது. செபஸ்தியனே தண்ணீரில் நின்றபடி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். இரண்டு எஞ்சினும் ஒரே சுருதிக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகைதான் காரணம் என்று அக்காவிடம் சொன்னேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போகிறோம். அக்கா சமைப்பதில்லை, ரோல்ஸ் வாங்கிக்கொண்டு விடியவே காரில் ஏறிவிடுகிறாள். நானும் அவளும் மாறிமாறி ஓட்டுகிறோம், கதைக்கிறோம், சிரிக்கிறோம். ஓய்வுபெற்ற பிறகு நான் எந்தக் கிழமைக்கும் காத்திருந்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்குக் காத்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இந்தப் படகை விட மனமில்லை. அக்காவின் எண்ணம் தெரியாது. கேட்கப் பயமாயிருக்கிறது. கேட்டால் விற்கச் சொல்லிவிடுவாள்.

ஆனால் அதுவல்ல காரணம். எஞ்சின்கள் பழகி முடியவில்லை என்பதே காரணம். ஒவ்வொரு கான் பெற்றோலும் முடியும்போது நான் பயந்து பயந்து செபஸ்தியனைக் கேட்பேன். "இன்னும் ஒரு கான், ஐயா" என்பார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கும். இந்த நிலையில் தேனுஜனைப் போன்ற இளவட்டத்தின் கையில் கொடுத்தால் முதல்நாளே முழு லீவரையும் திறந்துவிடுவார். எனவே தைப்பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று அவருக்கு எழுதிவிடு. நாளைக்கு நான் கொட்டாஞ்சேனைக்குப் போய், படகு ஆயத்தமில்லை என்று செபஸ்தியன் வாயாலேயே அவருக்குச் சொல்லவைக்கப்போகிறேன்.

உனக்கும் உஷாந்திக்கும் பிள்ளைகளுக்கும் சகல சௌபாக்கியமும் கிடைக்கட்டும். எதிலும் பாதி லீவருக்கு மேல் போகாமல் நிதானமாக வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்,
நவரத்தினம்

பி.கு.: தம்பி, இது அக்கா. அத்தான் இதை நேற்றுத் தந்தவர், நான் இண்டைக்குத்தான் அனுப்புறன். அவரின்ரை கையெழுத்து எனக்கு எப்பவும் விளங்கும். விளங்காத மாதிரி இருக்கிறது வசதி. எஞ்சின் ரெண்டும் பழகி முடிஞ்சு கனநாள். முடிஞ்சுதெண்டு தெரிஞ்சால் இந்த மனிசன் விதிமுறைப்படி திறப்பைத் தூக்கி உன்ரை ஆளிட்டைக் குடுத்திடும். அதுதான் ஒவ்வொருமுறையும் "இன்னும் ஒரு கான்" எண்டு சொல்லச்சொல்லி செபஸ்தியனிட்டை நான் சொல்லி வைச்சனான். உன்ரை தேனுஜன் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கேலாமல் இண்டைக்கே வந்து நிண்டவர். அத்தான் செபஸ்தியனைத் தேடிக் கொட்டாஞ்சேனையில, செபஸ்தியன் என்னோட பொல்கொடயில. தேனுஜனுக்கு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு முன்னுக்கு இருத்திப்போட்டு முழு லீவரையும் திறந்தனான். கரைக்கு வரேக்கை அவரிட்டைக் கறுப்புக் கண்ணாடியும் இல்லை, ஒரு செருப்பும் இல்லை. "அன்ரி, எனக்கு வேண்டாம்" எண்டவர். இனி விலை கதைக்கிறதெண்டால் என்னோட கதை. அத்தானுக்கு மூச்சும் விடாதை. அவர் ஞாயிற்றுக்கிழமையில பாதி லீவரில சந்தோஷமா ஓடட்டும். மிச்சப் பாதி என்ரை.