நான் செய்த தப்ஸும் துறைமுகம் போன குதிரையும்

மணமகன் ஓடிப்போய்விட்டான் என்று ஒரு செய்தி ஊருக்குள் பரவினால், அதை உடனே மறுக்க வேண்டியவன் மணமகன்தான். என் விஷயத்தில் அது இயலாமற்போனதற்குக் காரணம், அந்தச் சமயத்தில் நான் ஒரு குதிரையின்மேல் அமர்ந்து டிராம் வண்டியை முந்திக்கொண்டிருந்தேன் என்பதே. ஓடியது குதிரை. நான் அதன்மேல் இருந்தேன், அவ்வளவுதான். இந்த நுட்பமான வேறுபாட்டைப் பினாங்கில் இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே எழுத்திலாவது பதிந்துவைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்னையில் பி.ஏ. தேறித் திரும்பி, கப்பல் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்கு அமர்ந்திருந்த புதிது அது. கழுத்துப்பட்டை அணியாமல் கொல்லைப்புறம்கூடப் போகமாட்டேன். (அந்நாளையக் கொல்லைப்புறங்களை அறிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) அரிசி மொத்த வியாபாரி ஒருவர் தம் மகளை எனக்குத் தர இசைந்தார். நிச்சயதார்த்தத்தன்று, பிரியாணிக்குப் பிறகு, சபை நடுவே என் வலக்கையைப் பற்றி, மூட்டையிலிருந்து மாதிரிக்கு எடுத்த அரிசியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, கை பஞ்சு மாதிரில்லா இருக்கு! இதை வச்சு ஒரு ஆணியாவது அடிச்சிருக்கீங்களா?"

சபை சிரித்தது. படித்தவனுக்குச் சபைச் சிரிப்பு ஆகாது. "ஆணி என்ன, மாமா! என் ஊர்வலத்துக்கு வேண்டிய தப்ஸையே என் கையால் செய்து கொண்டுவருவேன்" என்றேன்.

தப்ஸ் என்பது மரவளையத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்திய கைப்பறை. மலாய் நண்பர்கள் கொம்பாங் என்று அழைப்பதும் ஏறக்குறைய அதுவே. அது இல்லாமல் எங்களில் மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பாது.

"அப்ப சரி" என்றார் மாமா. "ஊர்கோலம் என் வாசலுக்கு வந்ததும் அந்தத் தப்ஸ் சத்தம் எனக்குக் கேக்கணும். சத்தம் வந்தாத்தான் கேட் திறக்கும். சபையில சொல்லியாச்சு."

மறுபடியும் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சபையில் சொன்ன சொல்லை மாமா மாற்றியதே இல்லை என்று கடைத்தெரு முழுவதும் சொல்லும். ஆக, என் திருமணம் ஓர் ஆட்டின் தோலில் வந்து நின்றது.

பெண்ணின் அண்ணன் ஜமால் தானாகவே எனக்கு வழிகாட்டியாக வந்து சேர்ந்தார். மலாய்க் குடியிருப்பான கம்போங்கில் நண்பர்களோடு சேர்ந்து ஒன்றிரண்டு கொம்பாங் செய்தவர். ஒரு நூறு செய்தவரைப் போலப் பேசுவார். அரிசிக் கிடங்கின் பின்முற்றத்தில் வேலை தொடங்கியது. நான் அடிக்கோலும் கவராயமும் கொண்டுபோயிருந்தேன். அவர் வெற்றிலை கொண்டுவந்திருந்தார்.

பலாமர வளையத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும்வரை என் கண்ணியத்துக்குக் குறைவு ஏதும் நேரவில்லை. ஊறவைத்த தோலை வெளியே எடுத்தபோதுதான் கைக்குட்டையில் அத்தர் தெளித்து மூக்கில் கட்டிக்கொள்ள நேர்ந்தது.

"மச்சான், அத்தர் உங்களுக்கா, ஆட்டுக்கா?" என்றார் ஜமால்.

சுண்ணாம்பு தடவி ரோமத்தைச் சுரண்டினோம். ஆட்டிலிருந்து பிரிந்த ரோமம் அனைத்தும் என் கழுத்துப்பட்டையில் குடியேறியது. பிறகு ஈரத்தோலை வளையத்தின்மேல் போர்த்தி இழுக்கும் கட்டம். அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் மறுபக்கம் இழுத்தேன்.

"பெலான்-பெலான், மச்சான்! மெதுவா! ஈரத் தோல்லா. காயும்போது அதுவே இறுகும். இப்பவே இப்படி இழுத்தா அப்புறம் தாங்காது."

இழுவிசை கூடினால் சுருதி கூடும் என்பதை நான் அவருக்கு விளக்கினேன். கல்லூரியில் அதைச் சோதனை செய்து நிரூபித்திருக்கிறோம் என்றும் சொன்னேன்.

"காலேஜ்ல ஆட்டுத்தோலையா இழுத்தீங்க?"

"கம்பியை."

"அப்ப கல்யாணத்துக்குக் கம்பியைத் தூக்கிட்டு வாங்கலா!"

சொல்லிவிட்டு அவர் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள், வளையத்தை முழங்காலால் அழுத்தி, என் பட்டத்தின் முழு வலிமையையும் செலுத்தி இழுத்து, சுற்றிலும் பித்தளை ஆணிகளை அறைந்துவிட்டேன். (சில ஆணிகள் வளையத்திலும் இறங்கின.)

நிழலில் காய்ந்தபின் விரலால் சுண்டினேன். கண்ணாடிக் குவளையைப் போல ஒலித்தது. ஜமால் காதருகே வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"சத்தம் நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. அதான் பயமாருக்கு."

பொறாமை என்று முடிவு செய்தேன். தோல் தளர்ந்துபோனால் இறுக்குவதற்காக உள்விளிம்பில் செருகும் பிரம்பு வளையம் ஒன்று உண்டு; மலாயில் ரொத்தான். "அது இப்ப வேணாம் மச்சான், தளந்தாத்தான் ரொத்தான்" என்று அவர் சொல்லியிருந்தார். ஓர் உறுப்பு குறைந்த வாத்தியத்தை மாமாவின் வாசலுக்குக் கொண்டுபோவதா? அதையும் செருகிவிட்டேன்.

திருமணத்தன்று மாலை தூறல் போட்டது. ஊர்வலக்காரர்களின் தப்ஸெல்லாம் ஈரக்காற்றில் தொய்ந்து, தலையணையைத் தட்டுவதுபோல் ஒலித்தன. வழக்கப்படி சாலையோரத்தில் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, ஒவ்வொன்றாக அனலில் காட்டினார்கள். முகத்தில் பூச்சரம் தொங்க, வாடகைக் குதிரைமேல் வீற்றிருந்த நான், "என்னுடையதையும் காட்டுங்கள்" என்றேன்.

"வேணாம் மச்சான், அது ஏற்கெனவே செத்துப்போற மாதிரி இறுகிக் கிடக்கு."

"எல்லா வாத்தியங்களுக்கும் ஒரே விதிதான், ஜமால்."

மாப்பிள்ளையை அன்று ஒருநாள் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அந்தச் சலுகையை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

மாமாவின் வீட்டை அடைந்தோம். சொன்னபடியே கேட் சாத்தியிருந்தது. ஊர்வலத்தை நிறுத்தச் சொல்லி, என் தப்ஸை வாங்கி, தலைக்குமேல் உயர்த்தி எல்லோருக்கும் காட்டினேன். பிறகு, என் கை பஞ்சு அன்று என்பதை உலகுக்கு உணர்த்தும் வகையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தேன்.

அந்த ஒலியை வருணிக்க என் படிப்பு போதாது. கோட்டைப் பீரங்கி எங்கள் தெருவுக்குக் குடிவந்ததுபோல் இருந்தது. தோல் பிளந்து, என் கை முழங்கைக்கும் மேலே வளையத்துக்குள் புகுந்து, கிழிந்த தோலின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. குதிரை இரண்டு கால்களில் நின்று ஒரு கணம் யோசித்தது. பிறகு தீர்மானத்துக்கு வந்தது.

"மச்சான்! எங்க போறீங்க?" என்று பின்னாலிருந்து ஜமாலின் குரல் கேட்டது. விடை எனக்கே தெரியாதிருந்ததால் பதில் கூறவில்லை.

அது வண்டிக் குதிரை. கப்பலில் வந்திறங்கும் பயணிகளை ஏற்றத் தினந்தோறும் துறைமுகத்துக்குப் போய்ப் பழகியது. கலவரமான வேளையில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஓடி, படகுத்துறை எதிரே வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தது. பூச்சரத்தை விலக்கிப் பார்த்தேன். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாகப்பட்டினம் கப்பலாண்ணே? ஏணி இன்னும் எடுக்கல. ஓடினா பிடிச்சிடலாம்."

"ஐயா, நான் மணமகன்" என்றேன், இயன்ற கம்பீரத்தோடு.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்தாலே தெரியுதுண்ணே. அதான் சொல்றேன், சீக்கிரம் ஓடுங்க. யாரும் கேட்டா நான் பாக்கலேன்னுடறேன்."

அவ்வளவு கனிவாக என்னிடம் அன்று வேறொருவரும் பேசவில்லை. குதிரை நகர மறுத்தது. ரிக்‌ஷா ஒன்றில் ஏறி, வளையம் மாட்டிய கையை வெளியே நீட்டியபடி திரும்பினேன்.

தெருமுனையிலேயே செய்தி எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. "மாப்பிள்ளை கப்பலேறிட்டாராம்!" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். கேட் இன்னும் சாத்தியே இருந்தது. சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஆள் வந்தா போதுமா? தப்ஸ் சத்தம் வரணும்னுல்லா சொன்னேன்."

"வந்துச்சே, அத்தா!" என்று தம் தகப்பனாருக்குக் கேட்கும்படி கத்தினார் ஜமால்.

"எங்க வந்துச்சு? நடுவுல ஏதோ வெடிதான் கேட்டுச்சு."

"அதான் அத்தா மச்சான் செஞ்ச தப்ஸு!"

"அது தப்ஸா?"

"நம்ம வீட்டுக்கு மட்டுமில்ல, ஊருக்கே கேட்டுச்சு. சபையில சொன்ன சொல்லு, அத்தா!"

மாடிச் சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிப்பை அடக்க முயன்று தோற்பது கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. மாமா வெளியே வந்து, வளையத்துக்குள் வீங்கிக்கிடந்த என் கையை எடுத்து, ஆணி கிழித்த வடுக்களையும் தோல் உரிந்த முட்டிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம். இப்பத்தான் கை மாதிரி இருக்கு. உள்ள வாங்க மாப்பிள்ளை."

தேங்காய் எண்ணெய் தடவி வளையத்தைக் கழற்றிய பிறகே நிக்காஹ் நடந்தது.

அந்த வளையத்தை என் இல்லத்தரசி வீணாக்கவில்லை. (அவர் பெயரை அச்சில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம் அன்று.) கம்பி வலை அடித்து மாவு சலிக்கும் சல்லடையாக்கிக்கொண்டார். இன்றும் இடி இடித்தாலும், தெருவில் மோட்டார் டயர் வெடித்தாலும், எங்கள் வீட்டில் யாரேனும் ஒருவர், "மாப்பிள்ளை வந்துட்டாரு, கேட்டைத் திறங்க" என்பார். பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதை நான் அறிவேன்.

போன பெருநாள் காலையும் இடி இடித்தது. அவர் இடியாப்ப மாவு சலித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஓடியது குதிரைதான் என்பதை நான் மீண்டும் ஒருமுறை பொறுமையாக எடுத்துரைத்தேன். "நான் இல்லேன்னா சொன்னேன்?" என்றபடி, ஒட்டியிருந்த மாவு உதிரச் சல்லடையின் விளிம்பை உள்ளங்கையால் தட்டினார்.

நான் செய்த தப்ஸ் ஒழுங்காக ஒலிப்பது அப்போது மட்டும்தான். நடுநிலையோடு சொல்கிறேன், சுருதி சுத்தமாகவே இருக்கிறது.