பதினான்கு மணி நேரமும் ஒரு கண்ணாடி ஜன்னலும்

கிடங்கு ஜன்னல்காரர் என்று ஓர் இனம் உண்டு. லாரி வந்து சரக்கு இறக்கும் இடமெல்லாம் இந்த இனம் தழைக்கிறது. அமெரிக்காவில் எங்கள் ஒஹையோ மாநிலத்தில் விளைச்சல் கொஞ்சம் அதிகம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நகர்த்தும் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் ஒருவர் இருப்பார். நீங்கள் போய் நின்றதும் அவர் முகத்தைத் திருப்பிக் கணினியைப் பார்ப்பார். கணினி அணைந்திருந்தாலும் பார்ப்பார்.

முதியோர் இல்லத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நான் ஓர் உறைந்த உணவுப்பொருள் கிடங்கின் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறேன். என் கூண்டுக்கும் லைல் ஹாகனின் ஜன்னலுக்கும் பத்தடி தூரம். ஆகவே இந்த இனத்தைப் பக்கத்திலிருந்து ஆராயும் பாக்கியம் பெற்றவள்.

லைல் கெட்டவரல்ல. தன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை: நேரம் என்ற பொருளைக் கடவுள் ஜன்னலுக்கு உட்புறம் மட்டும்தான் படைத்தார். காலை இடைவேளை பதினைந்து நிமிடம், பதினாறு ஆகாது. பன்னிரண்டு அடித்தால் டூனா மீன் சாண்ட்விச். கூரையே இடிந்து விழுந்தாலும் டூனா சாண்ட்விச். மாலை ஏழுக்கு வீடு. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கோ நேரமும் கிடையாது, பெயரும் கிடையாது. எல்லோரும் "டிரைவர்".

ஆனால் சட்டம் வேறு மாதிரி நினைக்கிறது. லாரி ஓட்டுநர் காலையில் வேலையைத் தொடங்கியதிலிருந்து பதினான்கு மணி நேரம்தான் அவர் கணக்கு. ஓட்டினாலும் சரி, ஜன்னல் முன்னால் நின்று தேய்ந்தாலும் சரி, அது ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்துவிட்டால் பத்து மணி நேரம் ஓய்வெடுக்காமல் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது. வண்டிக்குள்ளேயே ஒரு பெட்டி இருந்து எல்லாவற்றையும் பதிந்துகொள்கிறது. அந்தப் பெட்டியிடம் கெஞ்ச முடியாது. அந்த ஒரு குணத்தில் அது லைலுக்கு உறவு.

போன ஜூனில் வெர்னல் டப்ஸ் வந்தார். மேற்கு வர்ஜீனியாவின் பெக்லி ஊர்க்காரர், அறுபதை நெருங்குகிறவர், வண்டி நிறைய உறைந்த பட்டாணி. அதிகாலை ஐந்துக்குத் தொடங்கியவர், ஒன்பது நாற்பதுக்கு ஜன்னல் முன் நின்றார்.

"உங்க டைம் பத்து மணி. சீக்கிரம் வர்றவங்களுக்கு உள்ள இடமில்ல. போய்ட்டுப் பத்துக்கு வாங்க, டிரைவர்."

"எங்க சார் போறது? எழுபதடி வண்டி. இந்த ரோட்டுல திருப்பக்கூட இடமில்ல."

"அது உங்க பாடு."

மூன்று மைல் தள்ளி, மாட்டுத்தீவனக் கடை வாசலில் திருப்பிக்கொண்டு அவர் மறுபடி வந்தபோது மணி பத்து நாலு.

"லேட்," என்றார் லைல்.

"நாலு நிமிஷம் சார்!"

"லேட்னா லேட்தான். நடுவுல இடம் கிடைச்சா சொருகிப் பாக்குறேன். வண்டிய நாலாம் கதவுல ஒட்டி நிறுத்திட்டுச் சாவியக் கொடுங்க. போய் உக்காருங்க, கூப்பிடுறேன்."

சாவி எதற்கு? பாதி இறக்கும்போது ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பவர் விழுந்து சாவார். நியாயமான காரணம்தான். நியாயமான காரணம் ஒன்று இந்த இனத்தின் கையில் கிடைத்தால் அதற்கப்புறம் அவர்களுக்கு வேறெதுவும் தேவையில்லை. சாவி லைலின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

மதியம் வெர்னல் தண்ணீர் கேட்டு என் கூண்டுக்கு வந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. உட்கார்ந்தே இருக்காமல் வண்டியைச் சுற்றி நடக்கச் சொன்னேன்.

"நடக்கலாம் மேடம். வீட்டுக்கே நடந்துடலாம் போல இருக்கு," என்றார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு என் வீட்டுக்காரி மேவிஸுக்குக் கண்ணுல ஆபரேஷன். கூட ஆள் வந்து கையெழுத்துப் போடலேன்னா உள்ளயே சேக்க மாட்டாங்க. எங்களுக்கு வேற ஆள் கிடையாது. அஞ்சு மாசம் காத்திருந்து கிடைச்ச தேதி."

வீட்டுக்கு நாலு மணி நேர ஓட்டம். காலை ஐந்துக்குத் தொடங்கியதால் அவருடைய பெட்டி மாலை ஏழு மணிக்குக் கணக்கை மூடும். மூன்றுக்குள் கிளம்பினால் மேவிஸுக்குக் கண். கணக்கு அவ்வளவுதான்.

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வெர்னல் ஜன்னலைத் தட்டினார். "சார், உள்ள ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்குற ஆட்டம் நின்னு அரை மணி ஆச்சு. வண்டி காலியாயிடுச்சுன்னு நெனக்கிறேன்."

லைல் எழுந்து பார்த்தாரா? எட்டடி நடந்தால் நாலாம் கதவு. நடப்பாரா? சுவரில் விளக்குப் பலகை இருக்கும்போது எதற்கு நடக்க வேண்டும்? "நாலாம் கதவுல செவப்பு எரியுது, டிரைவர். செவப்புன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்."

"நாப்பது பேர் வர்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் எட்டிப் பாத்தா என் கழுத்து என்ன ஆவுறது?"

ஜன்னல் மூடிக்கொண்டது. நான்கு மணிக்கு ஒருமுறை, ஐந்தே காலுக்கு ஒருமுறை, வெர்னல் போனார், சிவப்பு எரிந்தது, கழுத்து காப்பாற்றப்பட்டது. நானும் ஒருமுறை போய்ச் சொன்னேன். "மேடம், உங்க வேலை கேட்டுல," என்றார் லைல். உண்மைதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஆறு முப்பத்தைந்துக்கு லைல் வீட்டுக்குக் கிளம்ப மேசையை ஒழித்தார். பார்க்காமலே அவர் மேலே தள்ளிவைத்த சாண்ட்விச் தாளைத் தூக்கினால், அடியில் வெர்னலின் ரசீது. இறக்கி முடித்தது இரண்டு இருபத்தைந்து. ஓர் அட்டைப்பெட்டி நசுங்கல். கீழே லைலின் கையெழுத்துக்குக் காலி இடம். சரக்கை இறக்கிவிட்டு விளக்கைப் பச்சைக்கு மாற்ற வேண்டியவர் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார், காத்திருந்தவர் தன் வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஓ," என்றார் லைல்.

இந்த இனத்தின் மன்னிப்பு இவ்வளவு நீளம்தான். கையெழுத்துப் போட்டு, சாவியை நீட்டி, "சரி, கிளம்புங்க டிரைவர். இங்க ராத்திரி வண்டி நிறுத்தக்கூடாது, போர்டு பாத்தீங்கல்ல?" என்றார்.

"இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு சார் எனக்கு. வண்டி நிறுத்துற எடம் நாப்பது மைல்ல. நடுவழியில பெட்டி மூடிக்கும். அப்புறம் பத்து மணி நேரம் அசைய முடியாது."

"அத என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"பின்ன யார்கிட்ட சொல்றது?"

லைல் கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார். "எனக்கு ஏழு மணிக்கு டூட்டி முடியுது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருந்தாலும் ரூல்ஸுக்கு விரோதம்."

சத்தியமாக இந்த வார்த்தைகளைத்தான் சொன்னார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. போகும்போது என்னிடம், "அந்த வண்டி வெளிய போகணும், மேடம். கேட் உங்க பொறுப்பு," என்றார்.

"ஆமா, கேட் என் பொறுப்பு," என்று சொல்லி, அவர் கார் போனதும் கேட்டைச் சாத்தினேன். வண்டியை உள்ளேயே வேலியோரம் ஒதுக்கச் சொன்னேன். வெர்னல் வண்டிப் படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனில் பேசினார்.

"வர முடியாது, மேவி... இல்ல, வண்டி நல்லாத்தான் இருக்கு... சரக்கெல்லாம் ரெண்டரைக்கே எறங்கிடுச்சாம்... நான் என்ன செஞ்சேனா? உக்காந்திருந்தேன்."

பேசி முடித்து எழுந்து, வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். மேவிஸுக்கு அடுத்த தேதி செப்டம்பர் கடைசியில் கிடைத்தது. இடையில் ஆகஸ்டில், பார்வை மங்கி, தெரியாத படியில் கால் வைத்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இது லைலுக்குத் தெரியாது. சொன்னால், எட்டிப் பார்த்து நடக்க வேண்டாமா என்று கேட்பார்.

இதை வாசிக்கும் நீங்கள் லாரிப் பக்கமே போனதில்லை, தெரியும். உங்கள் வீட்டில் ஜன்னல் காற்றுக்கு மட்டும்தான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கு ஆறு மணியோடு வேலை முடிகிறது. நேற்று நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தது ஆறு ஐம்பதுக்கு. "அடடா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றீர்கள். அதுவும் செருப்பைக் கழற்றிக்கொண்டே. அவளுடைய கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதுண்டா?

இல்லையா? அப்படியானால் கிடங்குக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பி வையுங்கள். லைல் வரும் வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். உங்களுக்குப் பயிற்சிகூடத் தேவைப்படாது.