நாமினி நைனா

பழவேற்காடு ஏரியைச் சுற்றியிருக்கும் அத்தனை குப்பங்களிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை இந்த அளவுக்கு அழவைத்த மனிதர் நாமினி நைனாவைத் தவிர வேறொருவர் பிறக்கவில்லை. இனிமேல் யாராவது பிறந்தாலும் கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மற்றவர்கள் சாவுக்குப் பயந்து பாலிசி எடுப்பார்கள். நைனாவுக்குச் சாவைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அது யாருடைய நாளில் வந்து தொலையும் என்பதுதான் அவர் கவலை.

நான் காட்டூரில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். காதலித்துத் தொலைத்து ஏரிக்கரைக் குப்பத்துக்கு வாக்கப்பட்டேன். மீன் ஆயத் தெரியாது, வலை கட்டத் தெரியாது, வாய் மட்டும் வண்டலூர் வரைக்கும் போகிறது என்று மாமியார் சர்டிபிகேட் கொடுத்ததால் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆனேன். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், இன்னும் அவர்களிடம்தான் பிழைப்பு. "வயசானவங்களைப் பிடிங்கம்மா, அவங்களுக்குத்தான் பயம் அதிகம்" என்று பொன்னேரி அதிகாரி மீட்டிங்கில் சொல்லி அனுப்பினார். நானும் வலையை விரித்துக்கொண்டு கிளம்பினேன். நைனா தானாகவே வந்து விழுந்தார். விழுந்தவர் வலையையும் கிழித்தார்.

நைனாவைப் புரிந்துகொள்ள எங்கள் ஏரியின் பாடு முறை தெரிய வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் இறால் நன்றாகக் கிடைக்கும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு நாள் ஒரு வீட்டுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. மழைக்குப் பிறகு இறால் இறங்குகிற நேரத்தில் ஒரு நல்ல பாடு அமைந்தால் அந்த வீட்டில் அந்த வருஷம் கவலையில்லாமல் உலை கொதிக்கும்.

இதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. ஊரில் சாவு விழுந்தால், பிணம் மண்ணுக்குள் போகும்வரை ஒருவரும் தண்ணீரில் வலை இறக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் வந்து, அழுது, சண்டை போட்டு, பிணத்தை எடுப்பதற்குள் நீரோட்டம் திரும்பிவிடும். இறாலும் போய்விடும். மறுநாள் அடுத்த வீட்டின் முறை. போன பாடு போனதுதான், திருப்பிக் கொடுக்கிற பேச்சே கிடையாது. காட்டூரில் ஒரு கிழவர் செத்தால் நெல் எங்கேயும் ஓடிவிடாது. இங்கே ஓடிவிடும்.

நைனாவின் சம்சாரம் அப்படி ஒரு நல்ல இறால் நாளில்தான் கண்ணை மூடினார். பாடு எதிர்வீட்டுக்காரருடையது. அந்த மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிணத்தைத் தூக்குகிற நேரத்தில் அவர் வீட்டிலிருந்து ஒரு குரல், "இந்தம்மா இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றது. நைனா காதில் அது விழுந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வீட்டுக்காரர் அடுத்த வருஷமே வலையை விற்றுவிட்டு, குடும்பத்தோடு ஆரம்பாக்கத்தில் ரயிலேறி எங்கேயோ கட்டட வேலைக்குப் போய்விட்டார். காரணம் ஆயிரம் இருக்கலாம். நைனாவைப் பொறுத்தவரை ஒரே காரணம், தன் பெண்டாட்டி தப்பான நாளில் செத்துப்போனாள்.

நான் ஏஜெண்ட் ஆன செய்தி பரவிய மறுநாளே மனிதர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கோ முதல் போணி. பேனாவைத் திறந்தேன்.

"நாமினி யாரு நைனா? உன் புள்ள பேரா?"

"அவன் இன்னாத்துக்கு? மெட்ராஸ்ல ஏடிஎம் வாசல்ல குந்திகினு கீறான். நான் செத்தா அவனுக்கு ரெண்டு நாளு லீவு கெடைக்கும். அதுவே போதும் அவனுக்கு."

"அப்ப யாரு பேர எழுதறது?"

"அன்னிக்குப் பாடு எவனுதோ, அவன் பேர எழுது."

"என்னிக்கு?"

"நான் சாவுற அன்னிக்குமா! படிச்ச பொண்ணு, இது கூடவா தெரியாது?"

"அப்படியெல்லாம் எழுத முடியாது நைனா. அவரு உனக்கு இன்னா உறவுன்னு வேற கேப்பாங்க."

நைனா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்னால நட்டப்பட்டவன்னு போடு" என்றார்.

நானும் ஒரு அசட்டுத் துணிச்சலில் அப்படியே அனுப்பிவைத்தேன். அதிகாரி போன் போட்டார். "மேடம், நாமினின்னா ஒரு குறிப்பிட்ட ஆளா இருக்கணும். தினம் ஒருத்தரா மாறக் கூடாது. குடிச்சிட்டு எழுதினீங்களா?" என்றார். அன்றிலிருந்து பொன்னேரி ஆபீஸில் அவருக்கு நாமினி நைனா என்று பேர். அந்தப் பேர் பஸ் பிடித்து, படகேறிக் குப்பத்துக்கும் வந்துவிட்டது. பக்கத்து ஊர் பசியாவரத்துக் குழந்தைகூட அப்படித்தான் கூப்பிடும். அவருடைய உண்மையான பேர் எனக்கும் மறந்துவிட்டது.

நைனா விடவில்லை. வயதானவர்களுக்கு என்று உலகத்தில் எத்தனை விதமான பாலிசி உண்டோ அத்தனையையும் என் வாயால் சொல்ல வைத்தார். பேங்க்கில் வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம்போலப் பிடித்துக்கொள்கிற திட்டம் ஒன்று இருந்தது. அதற்கு அவர் வயது எப்போதோ தாண்டிவிட்டது. விபத்துப் பாலிசி என்றேன்.

"படகு கவுந்தா குடுப்பியா?"

"குடுப்பாங்க."

"பாம்பு கடிச்சா?"

"குடுப்பாங்க."

"வயசாயி செத்தா?"

"அது விபத்து இல்லையே நைனா."

"எனக்கு வயசானது விபத்துதாம்மா. நானா கேட்டு வாங்கினேன்?"

கடைசியில், டாக்டர் பரிசோதனை இல்லாமலே கிழவர்களுக்குக் கொடுக்கிற பாலிசி ஒன்றை எடுத்து நீட்டினேன். பிரீமியம் யானை விலை, குதிரை விலை. அதிலும் ஒரு கொக்கி. எடுத்த முதல் வருஷத்தில் செத்தால் கட்டிய பணத்தை மட்டும்தான் திருப்பித் தருவார்கள். நைனா அதைக் கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு வருசம் சாவக் கூடாதுன்றாங்க. செரி. அதுக்கு அவங்க இன்னா ஏற்பாடு பண்ணுவாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

ஒருமுறை வேறொரு பாலிசிக்காகப் பொன்னேரி டாக்டரிடம் அழைத்துப் போனேன். பிரஷர், சர்க்கரை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல பெரியவரே, திடகாத்திரமா இருக்கீங்க" என்றார் டாக்டர். நைனாவுக்கு வந்ததே ஆத்திரம். "அதெல்லாம் உடு சாமி. சாவுற தேதி மட்டும் சொல்லு. இந்த வாரத்துப் பாடெல்லாம் எனக்குத் தெரியும், முன்ன பின்ன அட்ஜஸ் பண்ணிக்கறேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாடு போஸ்டரைப் பார்த்தேன்.

எந்தப் பாலிசியும் அமையாமல் கம்பெனி கைவிட்ட பிறகு மனிதர் சொந்தமாகவே ஒரு பாலிசி ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம், மறுநாள் யாருடைய பாடோ அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். "நாளைக்கு நான் சாவமாட்டேன். தைரியமாத் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். முதலில் பெண்கள், "வாயக் கழுவு நைனா, வெளக்கு வைக்கிற நேரத்துல இன்னா பேச்சு!" என்று திட்டினார்கள். அப்புறம் பழகிவிட்டது. பிறகு அவர் வர அரை மணி தாமதமானால், "இன்னாடா, கெழத்தைக் காணோம்" என்று அவர்களே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு இருக்கிறதே! இறால் காலத்தில் வெயிலில் நடக்க மாட்டார். நண்டு தொட மாட்டார். யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். எல்லாச் சண்டையையும் சேர்த்துவைத்து, புயல் எச்சரிக்கை வந்து யாரும் தண்ணீருக்குப் போகாத நாளில் மொத்தமாகப் போட்டு முடிப்பார். அந்த நாட்கள்தான் அவருக்குத் தீபாவளி. காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பாயை விரித்துப் படுத்துவிடுவார். "இன்னிக்குப் போனா எவனுக்கும் நட்டமில்ல" என்பார். காற்று அடித்து ஓய்ந்து, சாயங்காலம் வெயில் எட்டிப்பார்க்கும்போது எழுந்து உட்கார்ந்து, "சே, இன்னிக்கும் மிஸ்ஸாயிடுச்சு" என்று வேட்டியை உதறுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஒருநாள் என் காட்டூர்ப் புத்தியில் ஒரு யோசனை சொன்னேன். "நைனா, விடியக்காலைல உயிர் போனா, எறா வாரி முடிக்கிறவரைக்கும் வெளிய சொல்லாம வெச்சிருந்தா போச்சு. எவனுக்குத் தெரியும்?"

"ஏரிக்குத் தெரியுமே" என்றார் நைனா. அதற்கப்புறம் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சிரிப்பெல்லாம் அந்தக் கடைசி வருஷம் நின்றுபோனது. முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறாலும் வரவில்லை. வரிசையாக ஒவ்வொரு வீட்டுப் பாடும் வந்தது, வெறும் வலையோடு போனது. ஆம்பளைகள் எல்லார் முகத்திலும் சாவுக் களை. நைனாவும் அந்த வருஷம்தான் படுத்தார். மூச்சு இழுத்தது. கூத்தைக் கேளுங்கள், படுத்த பிறகு எங்கள் ஊரே அவருக்கு நர்ஸ் வேலை பார்த்தது. பாடு யாருடையதோ அவர்கள் வீட்டிலிருந்து சுடச்சுடக் கஞ்சி வரும். "நைனா, இன்னிக்கு ஒரு நாளு தாங்கிக்க" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவார்கள். அது பாசமா, இறாலா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நைனா பிரித்துப் பார்க்காமலே குடித்தார்.

பிறகு பெருமழை. முகத்துவாரம் உடைந்து திறந்தது. கடல் உள்ளே வந்தது. இரண்டு நாள் யாரும் போக முடியாத காற்று. மூன்றாம் நாள் காற்று நின்றது. மறுநாள் பாடு எங்களுடையது.

அந்த வருஷத்தில் எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பாடுதான். அது கிடைத்தால் தொழிலில் நிற்கலாம், இல்லாவிட்டால் நைனாவின் எதிர்வீட்டுக்காரர் ஏறிய ரயில்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் ஊரிலேயே சிடுசிடுப்பான மனிதர். இறாலுக்காக மட்டும் பல்லைக் காட்டுவார். அன்று சாயங்காலம் வலையைச் சரிபார்த்துக்கொண்டே வாசலை வாசலைப் பார்த்தார். நைனாவால் வர முடியாது என்று தெரிந்தும் பார்த்தார். கடைசியில், "வாடி, நாமளே போயி பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

நைனா பாயோடு பாயாகக் கிடந்தார். எங்களைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாளைக்கு உன் பாடு."

"ஆமா நைனா."

"இத்தினி வருசமா எல்லாத்துக்கும் சொன்னேன். இன்னிக்கு வாய் வரலடா. உனக்குத் தைரியம் சொல்ல முடியல. மன்னிச்சுக்கடா."

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். அப்புறம் வழக்கமான எரிச்சல் குரலில் ஆரம்பித்தார்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு? போறதுன்னா நாளைக்கே போய்ச் சேரு. நாளான்னிக்கு வரைக்கும் இழுத்துகினு கெடக்காத. நாளான்னிக்குப் பாடு எவனுதுனு உனக்குத் தெரியுமில்ல? அவன் உன்னைத் திட்டுவான், நான் அவனை அடிப்பேன், பேஜாராப் பூடும். நம்ம பாடு அன்னிக்கே போயிடு நைனா."

நைனா அவர் கையைப் பிடித்தார். "மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தான்."

நைனா மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஏஜெண்டம்மா, உன் ஊட்டுக்காரன் பேர எழுதிக்க" என்றார்.

சொன்னால் சொன்னபடி நடக்கிற மனிதர். விடிகிற நேரத்தில் அவர் வீட்டில் துணைக்குப் படுத்திருந்த பெண்களின் அழுகைச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் படகில் ஏற்றியிருந்த வலையை இறக்கி வைத்தார். நான் அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், பாதி நைனாவுக்காக அழுதேன், பாதி இறாலுக்காக அழுதேன். எந்தப் பாதி பெரிது என்று கேட்காதீர்கள்.

எங்கள் ஊரில் புதைக்கிற மணல்மேடு ஏரிக்கு அந்தப் பக்கம். படகில்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர்தான் கோல் ஊன்றினார். படகு நாங்கள் வலை கட்ட வேண்டிய இடத்தின் மேலேயே போனது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர் முழுக்க இறால் துள்ளியதாம். படகின் இரண்டு பக்கமும், பிணத்தின் காலடி வரைக்கும் துள்ளியதாம். படகில் இருந்த அத்தனை ஆம்பளைகளும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வானத்தைப் பார்த்தார்களாம். பின்னால் இருந்த ஒருத்தர் மட்டும் தாங்க முடியாமல், "ஐயோ, எவ்ளோ எறா..." என்று ஆரம்பித்திருக்கிறார். என் வீட்டுக்காரர், "கம்முனு வா. நைனா காதுல உழப்போவுது" என்றாராம்.

எங்களுக்கு அந்தச் சீசன் அத்தோடு முடிந்தது. சொன்னபடியே என் வீட்டுக்காரர் ரயிலேறினார். வருஷத்தில் பாதி நாள் கட்டட வேலை, இறால் காலத்தில் மட்டும் ஊர் என்று ஆகிவிட்டது. போன மாதம் பொன்னேரி மீட்டிங்கில் அதிகாரி, முதியோருக்கான புது இறுதிச் சடங்குப் பாலிசி ஒன்றை அறிமுகப்படுத்தினார். ஐஸ் பெட்டி, வண்டி, மாலை, சாமியானா எல்லாம் அதில் அடக்கமாம். "வேற ஏதாவது சந்தேகம் இருக்கா மேடம்?" என்றார். ஒன்று இருந்தது. அன்றைக்குப் பாடு போனவனுக்கு அதில் என்ன உண்டு என்று. அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வருஷமும் எங்கள் பாடு வரும். அதற்கு முந்தின சாயங்காலம் வாசலில் வந்து நின்று, "நாளைக்கு நான் சாவமாட்டேன், தைரியமாத் தூங்கு" என்று சொல்ல ஆளில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறோம்.