முனி பாலும் மஞ்சள் நூலும்

ஈப்போவை அடுத்த செமோர்ப் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்து முனியாண்டி கோயிலில் சனிக்கிழமைதோறும் கார்கள் வரிசைகட்டுகின்றன. பக்தர்கள் கையில் தேங்காய் இல்லை, நாய்க்குட்டி இருக்கிறது. தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. முனி மட்டும் மிச்சம். முனிக்கு நாய் காவல். ஆகவே வீட்டுக்கு வைத்த செய்வினையை முதலில் விழுங்குவது நாய்க்குட்டியாம். அதனால்தான் வயிறு உப்புகிறதாம். கண்டுபிடித்தவர் அப்பாவு சாமி. போன வருஷம்வரை லாரி ஓட்டியவர்.

வைத்தியம் சுலபம். குட்டிக்கு முதலில் ஒரு தட்டு ‘முனி பால்’. டின் பாலும் தண்ணீரும்தான். குடித்து முடித்ததும் வயிற்றைச் சுற்றி அளவாக மஞ்சள் நூல் கட்டுவார். பிறகு இரண்டு மணி நேரம் உடுக்கை, மந்திரம். நடுவில் குட்டி நாலு தடவை மூத்திரம் போய்விட்டு வரும். கடைசியில் பார்த்தால் நூல் தொளதொளவென்று தொங்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். காணிக்கை, முனிக்கு ஒரு கார்ட்டன் பீர். குடிப்பது முனி, ஏப்பம் மட்டும் அப்பாவு சாமிக்கு வரும்.

அன்று ஷர்மினி தன் குட்டி ‘கோப்பி’யோடு மூன்றாவது சனிக்கிழமையாக வந்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. கூடவே பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி. ஈப்போவில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருப்பவர். கோப்பியின் விலா எலும்பை எண்ணலாம், வயிறு மட்டும் பானை. இரண்டு வாரமாக நூல் தளரவே இல்லை. “பெரிய பேய்” என்றிருந்தார் சாமி. இன்று அது பாலைத் தொடவில்லை. உமட்டியது, ஒன்றும் வெளியே வரவில்லை.

கல்யாணசுந்தரி அதன் வயிற்றைத் தட்டினார். உடுக்கை மாதிரியே சத்தம்.

“ஷர்மினி, இது டாக்டர் கேஸ்லா. கிளம்பு.”

“பாதியில போனா,” என்றார் அப்பாவு, வாயிலிருந்த சுருட்டை எடுக்காமல், “அது வயித்துல உள்ளது உன் வயித்துக்கு வந்துரும் தங்கச்சி.”

ஷர்மினியின் கை தன் வயிற்றுக்குப் போனது. கால் நகரவில்லை. “பயமா இருக்குக்கா” என்றாள்.

சாமியின் மொத்த வியாபாரமும் இந்த இரண்டு வார்த்தையில்தான் நடக்கிறது.

கல்யாணசுந்தரி வாதாடவில்லை. சற்றுமுன் ‘குணமாகி’ நூல் தொங்க நின்ற கறுப்புக் குட்டியைத் தூக்கினார். அதன் சொந்தக்காரர் சதாசிவத்திடம் கேட்டார்.

“அண்ணே, இதுக்குப் பேய் போயிருச்சா?”

“சுத்தமா போயிருச்சு.”

“அப்ப இன்னொரு தட்டு குடிக்கட்டும்.”

“வேணாம்.” அப்பாவு முதல் தடவையாக எழுந்து நின்றார். “முனி கோவிப்பாரு.”

“அவர் பால்தானே சாமி? அதுக்கா கோவிப்பாரு?”

கோப்பி தொடாத தட்டின் முன் விட்டதும், கறுப்புக் குட்டி அதை முகர்ந்து பார்த்தது. பிறகு நக்கித் தீர்த்தது. தொங்கிய நூல் எல்லார் கண்ணெதிரிலும் இறுகி, ரோமத்துக்குள் புதைந்தது.

“அஞ்சு நிமிஷத்துல பேய் திரும்பி வந்துருச்சே. அதோட பேரு டின்லயே எழுதியிருக்கு, படிக்கட்டுமா?” என்றார் கல்யாணசுந்தரி.

முதலில் சிரித்தவர் சதாசிவம். தான் மூன்று கார்ட்டன் கொடுத்தது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். ஷர்மினி அதற்குள் கோப்பியோடு காரில் ஏறியிருந்தாள்.

ஈப்போவில் மிருக டாக்டர் வயிற்றில் அடைத்த காற்றை இறக்கி, ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: “குடல் பூராவும் புழு. இன்னும் ஒரு மணி நேரம் உடுக்கை கேட்டிருந்தா செத்திருக்கும். சாப்பிட்டதும் வயிறு உப்பி, தானா வடிஞ்சா விட்டுருங்க. உடம்பு மெலிஞ்சு வயிறு மட்டும் பெருத்தா, கூட்டிட்டு வந்து பூச்சி மருந்து வாங்கிக்குங்க. வயிறு இறுகி, வெறுமனே உமட்டினா எதுக்கும் காத்திருக்காம ஓடி வாங்க.”

கோப்பி பிழைத்தது. ஷர்மினியின் வயிற்றுக்கும் எந்தப் பேயும் வரவில்லை. அப்பாவு இப்போது பத்து காஜா ஊரில் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். கூட்டம் தாங்கவில்லையாம்.

அந்தக் கறுப்புக் குட்டி, சாமி வைத்த தட்டு என்றாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயை வைத்தது. மூக்கு நமக்கும் இருக்கிறது.